விட்ட இடத்திலிருந்து: கரிசல் பெண்பிள்ளைகளும் ஒரு கற்பித்தல் முறையின் வரலாறும்

நம் கல்வித்துறையின் தமிழில் இரண்டு சொற்கள் நெடுநாளாகப் புழங்குகின்றன. ஒன்று 'இடைநின்றவர்'. மற்றொன்று 'மெல்லக் கற்போர்'. இரண்டிலும் எழுவாய் குழந்தைதான். இடையில் நின்றது அவள். மெல்லக் கற்பதும் அவள். அவளை நிறுத்தியது எது, அவள் வேகத்தை யாருடைய கடிகாரத்தை வைத்து அளந்தார்கள் என்று கேட்க அந்தச் சொற்கள் இடம் தருவதில்லை. கோவில்பட்டியைச் சுற்றி எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, சாத்தூர், சிவகாசி என்று பரந்து கிடக்கும் கரிசல் காட்டில் இந்தச் சொற்களுக்குப் பல தலைமுறைகளாக ஆள் சேர்த்துக் கொடுத்தது தீப்பெட்டித் தொழில். அந்தத் தொழிலில் இருந்த சிறாரில் பெரும்பகுதி பெண்பிள்ளைகள்.

இன்று கல்வியியல் படிக்கும் மாணவிகளின் பாடத்தில் 'வேறுபடுத்திக் கற்பித்தல்' என்றொரு தலைப்பு இருக்கிறது. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஆகவே பாடப்பொருளையும், அதைச் சொல்லித்தரும் வழியையும், கற்றதைப் பிள்ளை வெளிக்காட்டும் விதத்தையும் அவரவர் நிலைக்கேற்ப மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்கக் கல்வியாளர் கரோல் ஆன் டாம்லின்சன் 1995இல் எழுதிய நூலுக்குப் பின் இந்தப் பெயர் பல நாடுகளுக்கும் பரவியது. பெயர் அங்கிருந்து வந்ததால் பொருளும் அங்கிருந்துதான் வந்தது என்று மாணவிகள் தேர்வில் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் இதற்குத் தனியான ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் நடுவில் நிற்பவர்கள் வேலைக்குப் போன பிள்ளைகள். அவர்களுக்காக உருவான முறையைத்தான் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தோம். அந்தக் கதையைச் சொல்லும்போதே இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிப்பது எப்போது அவர்களுக்கு வழி விடுகிறது, எப்போது வேலி போடுகிறது?

திண்ணையும் குலத்தொழிலும்

திண்ணைப் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வகுப்புகள் கிடையாது. ஒரு பிள்ளை மணலில் அகரம் எழுதும். பக்கத்தில் இன்னொன்று எண்சுவடி ஒப்பிக்கும். முந்திப் படித்த சட்டாம்பிள்ளை பிந்தி வந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவனவன் வேகத்தில் அவனவன் போனான். சென்னை எழும்பூரில் இராணுவ ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் இந்த வழக்கத்தைப் பார்த்துத் தம் இல்லத்தில் கையாண்டார். 1797இல் அதை லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுடைய பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் மேடைப் பேச்சுகளில் இந்தக் கதை பெருமையோடு வரும்.

மேடையில் வராத ஒரு கணக்கும் அதே காலத்தில் இருக்கிறது. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளைப் பற்றிய விவரம் கேட்டார். 1826இல் தொகுத்துப் பார்த்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பேர் படித்தார்கள். அவர்களில் பெண்கள் 4,540 பேர். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வேகம் தந்த அந்தத் திண்ணையில் ஏறும் உரிமை யாருக்கு என்பதைச் சாதியும் பாலினமும் முன்பே முடிவு செய்து வைத்திருந்தன.

இதற்கு மறுபக்கம் 1953இல் வந்தது. இராஜாஜி அரசின் புதிய தொடக்கக் கல்வித் திட்டப்படி கிராமப்புறப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பாடம்; மீதிப் பொழுதில் வீட்டுத் தொழிலைக் கற்றுக்கொள்வது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்த விவாதத்தில் பெரும்பாலும் தகப்பன் தொழில்தான் பேசப்பட்டது. மகன் செருப்புத் தைப்பானா, மண் மிதிப்பானா, சிரைப்பானா என்று கேட்டார்கள். மகளுக்குக் காத்திருந்தது தாயின் தொழில்: அடுப்பு, தண்ணீர்க் குடம், இடுப்பில் ஒரு தம்பி. அரைநாள் பள்ளி சட்டப்படி ரத்தான பிறகும் கிராமத்துப் பெண்பிள்ளைக்கு அது ரத்தாகவில்லை.

குலக்கல்வியும் ஒருவகையில் பிள்ளைகளை வேறுபடுத்திக் கற்பித்ததுதான். அந்த வேறுபாட்டைப் பிறப்பிலிருந்து எடுத்தார்கள். இன்று நாம் பேசும் முறையோ, பிள்ளை இன்றைக்கு எந்த எழுத்தில் நிற்கிறாள், எந்தக் கணக்கில் தடுமாறுகிறாள் என்பதிலிருந்து வேறுபாட்டை எடுக்க வேண்டும். நாளைக்கு அவள் அடுத்த எழுத்துக்குப் போனதும் அந்த வேறுபாடு அழிந்துவிட வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. அதைப் பார்க்கத் தெரியாவிட்டால் ஒன்று இன்னொன்றாக மாறிவிடும்.

ஒதுக்கியவர்களுக்காகச் செய்த முறை

சமமாக நடக்காத கால்களுக்காக யோசிக்கும்போதுதான் கல்வியில் புதிய முறைகள் பிறந்திருக்கின்றன. மரியா மாண்டிசோரி ரோமில் முதலில் வேலை செய்தது அறிவுத்திறன் குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடு. அவர்களுக்காகச் செய்த கருவிகளையும் வழிகளையும்தான் 1907இல் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்துக்குக் கொண்டுபோனார். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். நம் ஊரில் அவர் பெயர் கடைசியில் கட்டணம் கூடிய மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் போய் உட்கார்ந்துகொண்டது.

கோவில்பட்டியும் அடங்கியிருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்கு இதில் சொந்தமாகவே ஒரு பங்கு உண்டு. 1890களில் பாளையங்கோட்டையில் ஆன் ஜேன் ஆஸ்க்வித் பார்வையற்ற பிள்ளைகளுக்கும், ஃபிளாரன்ஸ் சுவைன்சன் காதுகேளாத பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார்கள். இருவரும் மிஷனரிப் பெண்கள். விரலால் படிக்கலாம், கண்ணால் கேட்கலாம் என்று இந்த வட்டாரத்துக்கு முதலில் காட்டியது அந்தப் பள்ளிகள். ஆனால் அவை தனி வளாகங்களாகவே இருந்தன. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறை அதனால் மாறவில்லை. அது மாறுவதற்கு இன்னும் 100 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

தீப்பெட்டி ஆபீஸ்

மதிய உணவுத் திட்டம் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கியது என்பது கரிசல்காரர்கள் விடாமல் சொல்லும் செய்தி. சோறு போட்டால் பிள்ளை வரும் என்று காமராசர் நம்பியது பலித்தது. எழுத்தே நுழையாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் வந்தார்கள். கரிசலில் பல சமூகங்களின் வீட்டுமொழி தெலுங்கு. தமிழே பேசினாலும் கரிசல் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் தூரம் அதிகம். இத்தனை விதமான பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வைத்திருந்தது ஒரே புத்தகம், ஒரே கரும்பலகை, ஒரே வேகம்.

பள்ளிக்கு வெளியே இன்னொரு வேகம் காத்திருந்தது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்க்கும் மானாவாரி நிலமும், வேலை தேடும் கைகளும், ஈரம் குறைந்த காற்றும் அந்தத் தொழிலுக்குத் தோதாக அமைந்தன. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் முழுக்க அது பரவியது. இங்கே யாரும் அதைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் பெயர். குச்சியைக் கட்டையில் அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, குச்சியைப் பெட்டியில் அடைப்பது, லேபிள் ஒட்டுவது எல்லாம் எண்ணிக்கைக்குக் கூலி. சின்ன விரல்கள் வேகமாக ஓடும் என்று சொல்லிச் சொல்லியே பெண்பிள்ளைகளை உட்கார வைத்தார்கள்.

1983இல் ஸ்மிது கோத்தாரி என்ற ஆய்வாளர் சிவகாசிப் பகுதியின் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி ஆங்கில வார இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை நாடு முழுக்கப் பேசப்பட்டது. விடியும் முன்னே ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஆபீஸ் வண்டிகளை அது வெளியுலகுக்குச் சொன்னது. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அந்தப் பிள்ளைகளின் முகங்களைக் காட்டியது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரரான எழுத்தாளர் பூமணி இதே பொருளை வைத்துக் 'கருவேலம் பூக்கள்' என்ற திரைப்படத்தை இயக்கினார்.

பள்ளிக்கூட மணி அடிக்கும்போது இந்தப் பெண்பிள்ளையின் நாள் பாதி முடிந்திருக்கும். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகாதவளுக்கும் காட்டுவேலை உண்டு. களையெடுப்பு, உளுந்து பாசி பிடுங்குதல், பருத்தி எடுப்பு என்று வெள்ளாமை அழைக்கும்போதெல்லாம் அவள் பெயருக்கு நேரே பதிவேட்டில் வரிசையாக 'வ.இ.' விழும். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியபோதும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாக இடைசெவல் கி. ராஜநாராயணன் தம்மைப் பற்றி வேடிக்கையாகச் சொன்னது எல்லாருக்கும் தெரியும். பள்ளியில் தேறாத அந்த மனிதர் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் அமர்ந்தார். அவர் வயதுப் பெண்பிள்ளைக்கு மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் நேரமில்லை. மழை வந்தால் காயப்போட்டதை அள்ள ஓட வேண்டியவள் அவள்.

அவளுக்குத் தெரிந்த கணக்கு

'மெல்லக் கற்போர்' என்ற சொல்லை இந்த இடத்தில் நிறுத்தி விசாரிக்க வேண்டும். தீப்பெட்டிக் கணக்கு குரோசில் ஓடும். ஒரு குரோஸ் என்றால் 12 டஜன், 144 பெட்டி. எத்தனை குரோஸ் ஒட்டினால் எவ்வளவு கூலி, முன்பணத்தில் எவ்வளவு கழியும், வாரக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்பதைப் பென்சில் இல்லாமல் சொல்லும் பிள்ளைகள், கரும்பலகையில் 12 பெருக்கல் 12 என்று எழுதினால் விழித்தார்கள். கணக்குத் தெரியாத பிள்ளை என்று பெயர் வாங்கினார்கள்.

இதே விஷயத்தைப் பிரேசில் நாட்டில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காய் முதலான பொருள்களை விற்கும் பிள்ளைகளிடம் டெரசின்யா நூனஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் என்ற ஆய்வாளர்கள் வாடிக்கையாளரைப் போலப் பேரம் பேசிக் கணக்குக் கேட்டார்கள். 100க்கு 98 விடைகள் சரி. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 100க்கு 37தான் சரி. 1985இல் அந்த ஆய்வு வெளியானது. ஆய்வில் கலந்துகொண்ட பிள்ளைகள் ஐந்தே பேர்தான். ஆனாலும் அது கல்வி உலகத்தை யோசிக்க வைத்தது. பிள்ளையின் அறிவு மாறவில்லை, கேட்ட விதம் மாறியது. ஆகவே பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்று சொல்லும் முன், எந்தக் கேள்வியால் அவளை அளந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

சட்டம் பார்த்த வீடும் பார்க்காத வீடும்

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டி செய்வது அதில் தடைசெய்த வேலைகளின் பட்டியலில் இருந்தது. கூடவே ஒரு விலக்கும் இருந்தது: குடும்பத்தாரை வைத்துக்கொண்டு வீட்டோடு நடத்தும் வேலைக்கு அந்தத் தடை பொருந்தாது. ஆபீசில் சோதனை வந்தால் வேலை வீட்டுத் திண்ணைக்கு மாறிவிடும். தாயோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டும் மகள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி இல்லை. உதவி செய்யும் பிள்ளை. வீட்டுக்குள் பெண் செய்யும் வேலையை வேலையாகவே எண்ணாத பழைய வழக்கத்தை அந்தச் சட்டமும் கைவிடவில்லை. 2016இல் வந்த திருத்தமும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளை உதவலாம் என்றே விட்டுவைத்தது.

1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது அதன் முதல் இடங்களில் ஒன்று சிவகாசி. பின்னர் தூத்துக்குடி மாவட்டமும் சேர்ந்தது. வேலையிலிருந்து எடுத்த பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் திறந்தார்கள். 1991இல் மைரன் வீனர் என்ற அமெரிக்க அறிஞர், இந்தியாவில் பிள்ளைகள் வேலைக்குப் போவதற்கு வறுமையைக் காட்டிலும் முக்கியமான காரணம், உழைக்கும் சாதிப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்று அதிகாரிகளும் படித்தவர்களும் மனதுக்குள் வைத்திருக்கும் நம்பிக்கையே என்று எழுதினார். குலக்கல்வி ரத்தாகி அப்போது 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி, பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும். முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது தீர்ப்பு.

தீர்ப்பும் திட்டமும் பிள்ளையைப் பள்ளி வாசல் வரை கொண்டுவந்தன. உள்ளே வந்தவளை எங்கே உட்கார வைப்பது? 13 வயதில் ஒருத்திக்கு எழுத்து தெரியாது. ஆனால் அவள் வீட்டு வரவு செலவு பார்ப்பவள். அவளை 6 வயதுப் பிள்ளைகளோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் கூசிப்போவாள். எட்டாம் வகுப்பில் வைத்தால் ஊமையாக இருப்பாள். அவள் பக்கத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்து நின்றுபோன 10 வயதுக்காரி. அவளுக்கு அடுத்தாற்போல் ஐந்து வரை படித்தும் வாசிக்க வராத 11 வயதுப் பையன். வயதும் வகுப்பும் ஒன்றோடொன்று பொருந்தாத இந்த ஒற்றை அறையில் எல்லாருக்கும் ஒரே பாடம் நடத்த வழியே இல்லை.

வேலூரிலிருந்து வந்த அட்டைகள்

இதே சிக்கல் பீடித் தொழில் மிகுந்த வேலூர் மாவட்டத்திலும் இருந்தது. அங்கே ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், 1990களில் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்ட சிறாருக்கான பள்ளிகளில் வேறொரு வழியைத் தேடினார். வழி ஆந்திரத்தின் மதனபள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில் கிடைத்தது. அங்கே ராமாவும் பத்மநாப ராவும் ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காகப் பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து ஏணிப்படிபோல் அடுக்கியிருந்தார்கள். அவர்களுக்கு முன்னோடியாகக் கர்நாடகத்தில் 1972இல் டேவிட் ஹார்ஸ்பரோ நடத்திய நீல்பாக் பள்ளி இருந்தது. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக வந்தபின் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இந்த முறை தொடங்கியது. 2007-08 கல்வியாண்டில் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் தமிழ்நாடு முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் நான்கு வகுப்புகளுக்கு வந்தது. தீப்பெட்டிப் பிள்ளைகளின் ஊர்களுக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

வகுப்பறை கண்ணுக்குத் தெரிய மாறியது. பெஞ்சும் வரிசையும் போய்ப் பாய் வந்தது. ஆசிரியர் தரையில் உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்கின. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சின்னம். படிக்கத் தெரியாத பிள்ளையும் சின்னத்தைப் பார்த்து ஏணியில் தன் படியைக் கண்டுபிடித்துத் தன் அட்டையை எடுக்கலாம். சில அட்டைகளுக்கு ஆசிரியரோடு உட்கார வேண்டும், சிலவற்றைச் சக பிள்ளையோடு செய்யலாம், சிலவற்றைத் தனியாக. சில படிகள் முடிந்ததும் ஒரு மைல்கல். தேர்வு என்ற பயம் இல்லாமல் மதிப்பீடும் ஓர் அட்டையாகவே வந்துபோகும்.

இந்த முறையில் கரிசல் பெண்பிள்ளைக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டால் ஒற்றைப் பதில் போதும். பருத்தி எடுப்புக்கு 15 நாள் போய்வந்தாலும் அவள் அட்டை அவளுக்காகக் காத்திருந்தது. பழைய வகுப்பில் அந்த 15 நாளில் பாடம் அவளை விட்டுவிட்டுப் போயிருக்கும். திரும்பி வந்தவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, புரியாததைப் பார்த்துக்கொண்டிருந்து, கொஞ்ச நாளில் வராமலே போவாள். அதற்குத்தான் இடைநிற்றல் என்று பெயர். ஏணியில் அவள் விட்ட இடம் அப்படியே இருந்தது. மறுநாள் அங்கிருந்து ஏறலாம். 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பிந்தி வரும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று சொன்னது. சட்டம் வாசகமாகச் சொன்னதற்கு வகுப்பறைக்குள் ஓர் உருவம் ஏற்கெனவே இருந்தது.

அரும்பு, மொட்டு, மலர்

செயல்வழிக் கற்றலைக் குறைசொன்னவர்கள் எல்லாரும் பழமைவாதிகள் அல்ல. ஈராசிரியர் பள்ளியில் நான்கு வகுப்புப் பிள்ளைகளுக்கும் அட்டை எடுத்துக் கொடுத்து, குழு மாற்றி, ஏட்டில் குறித்து முடிப்பதற்குள் பொழுது போய்விடும். அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வராது. பிள்ளையின் போக்கில் விட வேண்டிய முறை மேலிடத்து உத்தரவாக வந்ததால், அட்டை வரிசையை மாற்ற ஆசிரியைக்கே உரிமை இல்லாமல் போனது. பிள்ளைக்கு ஏற்ப வளையச் சொன்ன திட்டம் ஆசிரியைக்கு வளைந்துகொடுக்கவில்லை. அட்டையில் இருந்த தமிழும் ஒரே தமிழ்தான். தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு முதல் படியே இரண்டு படி உயரம். 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது அட்டை முறை எளிதாக்கப்பட்டுப் பாடநூலோடு இணைந்தது.

பெருந்தொற்றில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது வகுப்பறையின் வேறுபாடுகள் மறுபடி பெருகின. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கும், அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும். அதில் பிள்ளைகளை வயதையும் வகுப்பையும் பாராமல் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஒரே பாடத்தின் பயிற்சிகள் மூன்று நிலைக்கும் தனித்தனியாக இருக்கும். பெயர்கள் அழகானவை. அரும்பு ஒருநாள் மலர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'மெல்லக் கற்போர்' என்ற சொல்லில் அந்த நம்பிக்கை இல்லை.

ஆனால் சொல் அழகாக இருப்பதால் மட்டும் அது வேலியாகாமல் இருந்துவிடாது. ஜூன் மாதம் அரும்பில் இருந்தவள் மார்ச்சிலும் அரும்பில் இருந்தால், அடுத்த ஆண்டும் இருந்தால், அந்தச் சொல் 'மக்கு' என்ற பழைய வசைக்கு இட்ட மறுபெயராகிவிடும். ஆகவே ஒவ்வொரு பள்ளியிலும் பெண்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அரும்பில் யார் யார் இருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் அருந்ததியர் தெருப் பிள்ளைகள், எத்தனை பேர் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள், எத்தனை பேருக்குக் காதோ கண்ணோ சோதிக்கவே இல்லை, எத்தனை பேர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றவர்கள்? அந்தப் பட்டியல் ஊரின் சாதி வரைபடத்தையும் வீட்டின் பாலின வரைபடத்தையும் ஒத்திருந்தால் நாம் கற்றலை அளக்கவில்லை, பிறப்பை அளந்திருக்கிறோம். 1953 வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது என்று பொருள்.

என் கல்லூரி வகுப்பில் இந்த வரலாற்றின் பேத்திகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பலருடைய பாட்டிகளும் அம்மாக்களும் தீப்பெட்டி ஆபீசில் இருந்தவர்கள். சிலர் விடுமுறையில் தாங்களும் போகிறார்கள். ஒருத்தி சங்கப் பாடலைச் சீர் பிரித்துப் படிப்பாள். இன்னொருத்தி நான்கு வரி கட்டுரை எழுதத் திணறுவாள். திணறுகிறவளிடம் அவள் ஊர்த் தாலாட்டையோ ஒப்பாரியையோ பாட்டியிடம் கேட்டுப் பதிவுசெய்து வரச் சொன்னால், வகுப்பிலேயே யாருக்கும் கிடைக்காத சொற்களோடு வருவாள். அந்தச் சொற்களிலிருந்து தொடங்கினால் அவளுடைய கட்டுரை நான்கு வரியில் நிற்பதில்லை. அவளுக்குக் குறைத்த மதிப்பெண் அளவுகோல் தேவையில்லை; வேறு வாசல்தான் தேவை. உள்ளே போனபின் எல்லாருக்கும் ஒரே கூடம். எளிதான பாடத்தை ஏழைப் பிள்ளைக்கும் கடினமான பாடத்தை மற்றவர்க்கும் பங்கிட்டுக் கொடுப்பது வேறுபடுத்திக் கற்பித்தல் ஆகாது.

யார் சுமக்கிறார்கள்

கடைசியாக, இந்த முறைகளைத் தோளில் சுமந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் வரலாறு பாதியாகிவிடும். பிள்ளைக்குப் பிள்ளை மாற்றிக் கற்பிப்பது கூடுதல் உழைப்பு. நேரமும் கவனமும் பொறுமையும் கேட்கும் உழைப்பு. பெண்களுக்குப் பிறவியிலேயே வருவது என்று சொல்லி நம் சமூகம் கூலி கொடுக்காமல் வாங்கிக்கொள்ளும் வகையான உழைப்பு. குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பள்ளிகளில் கற்பித்தவர்கள் மதிப்பூதியக்காரர்கள். இல்லம் தேடிக் கல்வியில் பணியாற்றிய ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்களுக்குக் கிடைத்தது மாதம் 1,000 ரூபாய். நாள் கணக்குப் போட்டால் ஒரு தேநீருக்கும் வடைக்கும் ஆகும் காசு. அந்தப் பெண்களில் பலர் பட்டதாரிகள். திருமணத்தாலும் குழந்தையாலும் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தவர்கள். ஒரு தலைமுறைச் சிறுமியின் மலிவான உழைப்பு தீப்பெட்டிக்குப் போனது. அவளைப் போன்றோரைப் படிக்க வைக்கும் வேலை அடுத்த தலைமுறைப் பெண்ணின் மலிவான உழைப்பில் நடக்கிறது.

ஆகவே வேறுபடுத்திக் கற்பித்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று சட்டம் சொல்லும் கணக்கு ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளாகச் சிதறும்போது என்ன ஆகிறது? கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரில் அங்கன்வாடி நாள் முழுக்கத் திறந்திருக்கிறதா, அக்காள் அதற்காக நிற்கிறாளா? பாடத்தைப் பிள்ளைக்கேற்ப மாற்றும் பெண்ணுக்கு முழுச் சம்பளமும், மாற்றும் உரிமையும் இருக்கிறதா? அட்டையும் ஏணியும் அரும்பும் மொட்டும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். தீப்பெட்டி ஆபீஸ்களில் இன்று சிறுமிகள் அருகிவிட்டார்கள். கட்டை அடுக்க எந்திரம் வந்துவிட்டது. மிச்ச வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் அன்றைய சிறுமிகளான நடுவயதுப் பெண்கள். அவர்கள் விட்ட படிப்பை அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்க எந்தப் பள்ளியும் இன்னும் அட்டை எடுத்து வைக்கவில்லை.